உப்பில்லாப் பத்தியம்

பொய் சொல்ல வேண்டுமென்று உண்ணாமலை உட்கார்ந்து யோசித்தவள் இல்லை. இட்லிப் பானையின் மூடியைத் திறந்து, முகத்தில் அடித்த ஆவியை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, தானாக வாயில் வந்து விழுந்த பொய் அது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சந்தில் இருந்தது அவர்கள் டிபன் கடை. பெயர்ப்பலகை கிடையாது. உண்ணாமலை கடை என்றால் ஆபீஸ் வாட்ச்மேன் முதல் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர் வரைக்கும் தெரியும். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை வீடு, நடுவில் பூப்போட்ட திரை. தோசைக் கல்லின் முன்னால் அவள் புருஷன் முருகையன் நிற்பான். இட்லி, சட்னி, பரிமாறல், கல்லா, பேச்சு எல்லாம் உண்ணாமலை. முருகையன் பேச வேண்டியதையும் அவளே சேர்த்துப் பேசிவிடுவதால் அவனுக்குப் பேசுகிற வேலையே இல்லாமல் போயிருந்தது.

அன்றைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் இளஞ்செழியன். கலெக்டர் ஆபீசில் உதவியாளர். அக்கறையான மனிதர். அதுதான் அவரிடம் இருந்த கஷ்டமும். அக்கறை வந்துவிட்டால் எதையும் பாதியில் விட மாட்டார். சந்தில் தெருவிளக்கு எரியவில்லை என்று பேச்சுவாக்கில் யாராவது சொன்னால், மறுநாள் லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பான்.

“இன்னா உண்ணாமலம்மா, நேத்து சாயங்காலம் பொண்ணு பெட்டி படுக்கையோட ஆட்டோல வந்து எறங்குச்சாமே. இப்ப லீவு கூட இல்லியே?”

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள். வயசுப் பெண் நடு வருஷத்தில் பெட்டியோடு வீட்டுக்கு வந்தால் ஊர் எதையெல்லாம் நினைக்கும் என்று உண்ணாமலைக்குத் தெரியும். காய்ச்சல் என்றால் நாலு நாளில் மறுபடி கேட்பார்கள். வயிற்றுவலி என்றால் வேறு மாதிரி கேட்பார்கள்.

“மஞ்சக்காமால சார்,” என்றாள்.

“அடடா” என்றார் இளஞ்செழியன். எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். மஞ்சள் காமாலை கௌரவமான வியாதி. ஒரு மாதம் வீட்டில் கிடக்கலாம். இளைத்துப் போகலாம். யாரோடும் பேசாமல் படுத்திருக்கலாம். ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

திரைக்குப் பின்னால் இனியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இனியாவைக் கல்லூரி விடுதியில் சேர்த்ததே உண்ணாமலையின் யோசனைதான். ஊரைத் தாண்டி அரை மணி நேர பஸ் பயணம். வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் விடிவதற்கு முன்னால் கிரைண்டர் ஓடுகிற வீட்டில் எந்தப் பெண் படிக்க முடியும்? கூட நாலு கை தேவைப்படும்போது தன் வாயே அவளை இழுத்துவிடும் என்று உண்ணாமலை பயந்தாள். தேங்காய் துருவு, தட்டை எடு, பார்சல் கட்டு. வேண்டாம், மகராசி அங்கே போய்ப் படிக்கட்டும் என்று தகரப்பெட்டி வாங்கி அனுப்பி வைத்தாள். கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டாம் வருஷம்.

முந்தின நாள் காலையில் கல்லூரியிலிருந்து போன் வந்தது. கீதாஞ்சலி என்று ஒரு மேடம். பதறாமல் இரண்டு பேரும் வாங்க என்றார். நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. வாசலில் ‘மாணவர் மனநல ஆலோசனை மையம்’ என்ற பலகை. அதைப் படித்ததும் உண்ணாமலைக்குக் கால் நின்றுவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் உள்ளே போனாள்.

கீதாஞ்சலி மேடம் சின்ன வயசுதான். மெதுவாகச் சொன்னார். இனியாவுக்கு மாதக்கணக்கில் சரியான தூக்கமில்லை. வகுப்புக்குப் போகவில்லை. பல் தேய்க்க எழுந்திருப்பதே மலை ஏறுவது மாதிரி இருந்திருக்கிறது. கடைசியில் சாப்பிடவும் வராமல் அறையைச் சாத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

விடுதிச் சமையலறையில் பரிமாறுகிற சந்திரம்மாள்தான் கவனித்தவள். உருளைக்கிழங்கு வறுவல் என்றால் இரண்டாம் முறை கரண்டியைப் பிடித்துக்கொள்கிற பெண்ணை வரிசையில் காணோமே என்று ரசஞ்சோற்றோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கவில்லை. திறக்கிற வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். திறந்த பிறகு கையைப் பிடித்து இந்த அறைக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

“யாராச்சும் பையன் விஷயமா மேடம்?” என்று கேட்டாள் உண்ணாமலை.

“இல்லம்மா.”

“பெயிலாயிட்டாளா?”

“ஒரே ஒரு காரணம்னு இல்லம்மா. இது டிப்ரஷன். ஜி.எச்.ல டாக்டர் பாத்தாச்சு, மாத்திர குடுத்திருக்காங்க. கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும். வாரத்துக்கு ஒருதரம் இங்க வந்து என்னோட பேசட்டும். சரியாயிடும். நீங்க ஒன்னு மட்டும் செய்யுங்க, ஏன் ஏன்னு குடையாதீங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “தூங்கினா எழுந்திருக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்னு என்கிட்ட சொன்னா. அதான் உங்களை உடனே வரச் சொன்னேன்.”

முருகையன் சுவரைப் பிடித்துக்கொண்டான். உண்ணாமலையின் காதிலும் அந்த வார்த்தை விழுந்தது. ஆனால் அடுத்து அவள் கேட்டது, “இது காலேஜ்ல வேற யாருக்கும் தெரியுமா மேடம்?” என்பதுதான். பிற்பாடு எத்தனையோ முறை அந்தக் கேள்வியை நினைத்து நினைத்து அவள் கூசிப் போயிருக்கிறாள்.

*

மஞ்சள் காமாலை என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன வியாதிக்கு உண்டானதைச் செய்தாக வேண்டுமே.

மறுநாளே கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார் பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் மஞ்சள் பை. பை நிறைய வேரும் மண்ணுமாகக் கீழாநெல்லி. அம்மியைக் கழுவி அவளே அரைத்தாள். மோரில் கலக்கி, டம்ளரை இனியாவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“கண்ணத் தெற, பாப்போம்,” என்று கீழிமையை இழுத்துப் பார்த்தாள். “இன்னா அண்ணி, கண்ணு வெள்ள வெளேர்னு கீது?”

“இப்பத்தான ஆரம்பம். ரத்தத்துலதான் காட்டுச்சு,” என்றாள் உண்ணாமலை.

இனியா அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பச்சைக் கசப்பை ஒரே மூச்சில் குடித்தாள். அவள் மறுத்திருந்தால் கூட உண்ணாமலைக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

உப்பில்லை, எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை என்று நாத்தனார் சட்டம் போட்டுவிட்டுப் போனாள். அவள் போனாலும் கண்கள் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வருவாள், பால்காரர் எட்டிப் பார்ப்பார். வீட்டில் வடை சுடுகிற வாசனை, பெண்ணின் தட்டில் உப்பில்லாத கஞ்சியும் வெந்த பூசணியும். ஏற்கெனவே சோறு இறங்காமல் வந்த பெண். உப்பும் இல்லாத சோறு எப்படி இறங்கும்?

முருகையன் இனியாவுக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். “எனக்கும் அதையே போடு மே,” என்றான் பெண்டாட்டியிடம். அன்றிலிருந்து அவனுக்கும் பத்தியம். அவன் சாப்பிடுவதைப் பார்த்து இனியா நாலு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள். அப்பா முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து ஒருநாள் லேசாகச் சிரிக்கக்கூட செய்தாள். அந்தச் சிரிப்பைக் கதவோரம் நின்று பார்த்த உண்ணாமலை, மறுநாள் முதல் தனக்கும் அதையே போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். வாரத்துக்கு ஒருமுறை மேடத்தைப் பார்க்கப் போகும்போது, ரத்தம் டெஸ்ட் பண்ணப் போறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே போனால் பலகை இருக்கிற பக்கம் உட்கார மாட்டாள். தூரத்தில் புங்க மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள், வேறு யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி.

ஆனாலும் மாத்திரை வேலை செய்தது. மேடத்தின் பேச்சும் வேலை செய்தது. இனியா சுவரைப் பார்ப்பதை விட்டுக் கூரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். ஒரு மத்தியானம் யாரும் சொல்லாமலே வேர்க்கடலைத் தோலை ஊதிப் புடைத்து வைத்தாள். உண்ணாமலை அந்த முறத்தை அப்படியே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் பொய் வேறொரு பக்கம் காலை நீட்டியிருந்தது.

முதலில் வாட்ச்மேன்தான் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். அடுத்தடுத்து ஆட்கள் கையில் பாட்டிலோடு வந்தார்கள். தண்ணீர் காய்ச்சியதுதானா என்று ஒருவர் கேட்டார். மாவு கரைக்கிற தண்ணீர் எது என்று இன்னொருவர். காமாலை வீட்டில் டிபன் தின்னலாமா என்று யாரும் நேராகக் கேட்கவில்லை. எதிர்ப்புறம் பரோட்டாக் கடையில் காலையிலேயே கூட்டம் சேர்ந்தது. மிஞ்சிய இட்லியை உண்ணாமலை உதிர்த்து உப்புமாவாகத் தாளித்தாள், அதுவும் மிஞ்சியது.

இளஞ்செழியனே ஒருநாள் வெறும் டீயோடு எழுந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“சார், எங்க தண்ணியில ஒரு கொறையும் இல்ல சார். இத்தினி வருசமா யாருக்காச்சும் ஒரு தும்மல் வந்துக்குதா? அது ஆஸ்டல்ல வந்தது. அங்க சாப்பாடு சரியில்ல. அழுக்குத் தண்ணி.” கடை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். கேட்க வேண்டுமென்றுதானே சொன்னாள்.

கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த முருகையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தோசையைத் திருப்பினான்.

“எந்த ஆஸ்டல்? நம்ம அண்ணன் பொண்ணு அங்கதான கீது?” என்றார் இளஞ்செழியன். செல்போனை எடுத்தார். அவருக்கு அக்கறை வந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து டம்ளர்கள் பழையபடி காலியாயின.

*

அந்த வாரம் கல்லூரிக்குப் போனபோது, புங்க மரத்தடியிலிருந்து அவளை மேடமே வந்து கூப்பிட்டார். உள்ளே இனியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

கீதாஞ்சலி மேடம் கோபமாகப் பேசவில்லை. விடுதியில் காமாலை பரவுகிறது என்று வெளியிலிருந்து புகார் போயிருக்கிறது. பெற்றோர் வரிசையாகப் போன் செய்திருக்கிறார்கள். நிர்வாகம் தொட்டியைக் கழுவியது, பாத்திரங்களை மாற்றியது, அப்படியும் பழியை ஒருத்தர் தலையில் போட வேண்டியிருந்தது. காமாலை வந்த பெண்ணின் அறைக்குச் சாப்பாடு கொண்டு போனவள் யார் என்று பார்த்தார்கள். சந்திரம்மாளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

“அவங்க ரசஞ்சோறு கொண்டு போனத வார்டன் பாத்திருக்காங்க. அதுவே அவங்களுக்கு வெனையாப் போச்சு.”

“நீங்க சொல்லக் கூடாதா மேடம், அப்டி இல்லன்னு? உங்களுக்குத்தான் தெரியுமே,” என்றாள் உண்ணாமலை.

“சொல்லக் கூடாதும்மா. இந்த ரூம்ல பொண்ணுங்க பேசறது இந்த ரூமோட. நான் ஒரு பொண்ணப் பத்தி வெளிய ஒரு வார்த்த விட்டா, நாளைக்கு இன்னொருத்தி இந்தக் கதவத் தட்ட மாட்டா. இனியா சம்மதிக்கணும். நீங்களும் மனசு வைக்கணும்.”

இனியா அம்மாவின் பக்கம் திரும்பினாள். “ஆஸ்டல் சாப்பாடுதான்னு நீ சொன்னத நான் உள்ளருந்து கேட்டேன் மா. கடைக்காக எதுவோ சொல்ற, விட்டுடலாம்னு இருந்தேன். அந்த ஆயா இல்லன்னா நான் இன்னிக்கு இங்க உக்காந்துக்கினு இருக்க மாட்டேன், தெரியுமா உனக்கு?”

“தெரியும் மா.”

“காமாலன்னு சொன்னப்பவும் சும்மாதான் இருந்தேன். என்னச் சொல்லிக்க உனக்கு அவ்ளோ வெக்கமா மா?”

உண்ணாமலையின் வாய் எப்போதும் தயாராக இருக்கிற வாய். கடையில் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லும். அன்றைக்கு அந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

பஸ்ஸில் இனியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலை இடப்பக்கமாக வந்தது, பிறகு பின்னால் போனது. வீட்டுக்கு வந்ததும் படுத்தாள். மறுபடியும் சுவர்ப் பக்கம். கஞ்சி ஆறிப்போனது. மாத்திரையை மட்டும் முருகையன் கையில் வைத்தபோது விழுங்கினாள்.

சனிக்கிழமை முழுக்க அப்படியே போயிற்று. உண்ணாமலை புருஷனிடம் புலம்பினாள். சந்திரம்மாளுக்கு வேறு ஒரு வேலை பார்த்துக் கொடுக்கலாம், நம் கடைக்கே வரச் சொல்லலாம், பிரின்சிபாலிடம் போய்க் காதோடு காதாகச் சொல்லிவிடலாம், வெளியே தெரியாமல். ஊரில் தெரிந்தால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான்? வழிகளாக அடுக்கிக்கொண்டே போனாள். முருகையன் உளுந்து கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய தண்ணீரை வடித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

“நாளாச்சு மே, நாம உப்புப் போட்டுத் தின்னு. அதான் இப்டிப் பேசிக்கினு கீறோம்.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் அவளைச் சொன்ன பெரிய வார்த்தை அதுதான்.

*

ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு அவள் மட்டும் புறப்பட்டாள். கல்லூரிக்கு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் வரப்போடு நடக்க வேண்டும். நெல் அறுத்த கழனியில் மாடுகள் மேய்ந்தன. சந்திரம்மாள் தன் வீட்டு வேப்ப மரத்தடியில் கோணியை விரித்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். விதைக்கடலை; யாருக்கோ கூலிக்கு. கட்டை விரல் நுனி கன்றிப்போயிருந்தது. பரிமாறிப் பழகிய கைக்கு அந்த வேலை புதிது.

உண்ணாமலை தான் யார் என்று சொன்னாள். சந்திரம்மாள் முகத்தைத் தூக்காமலே, “இனியா சாப்புடுதா?” என்று கேட்டாள்.

“சாப்புட்டுக்கினு இருந்தா. ரெண்டு நாளா இல்ல.”

ஒரு கடலை உடைந்தது. இன்னொன்று உடைந்தது.

“நீயா சொன்னது?”

“நான்தான்.”

“என் கையால சோறு தின்ன புள்ளைங்க எவ்ளோ பேரு தெரியுமா? ஒரு புள்ளைக்கு வவுறு வலிச்சுதுன்னு ஒருத்தங்க வந்து நின்னதில்ல. அழுக்குக் கைன்னு சொல்லி அனுப்பனாங்க. எல்லாப் புள்ளைங்களும் பாக்க, ஏப்ரனைக் கழட்டி வச்சுட்டு வந்தேன்.”

“தப்பு பண்ணிட்டேன் கா.”

“எனக்கு வாய் இல்லன்னு நெனச்சியா? அந்தப் பொண்ணுக்கு இன்னான்னு எனக்குத் தெரியாதா? கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அது. அழுவுற சத்தம் கூட வரல. நானே என் கதையெல்லாம் சொல்லிக்கினு உக்காந்திருந்தேன். வேலைய விட்டு அனுப்பும்போது நாக்கு நுனி வரிக்கும் வந்துச்சு, இது காமாலை இல்ல, அது மனசொடிஞ்சு கெடந்துச்சுன்னு. முழுங்கிட்டேன். அது சொல்ல வேண்டியத நான் எதுக்குச் சொல்றது?”

உண்ணாமலை கோணியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் கொண்டு வந்த தூக்குவாளியில் இட்லி இருந்தது. அதை எடுத்து வைக்கவே கை கூசியது. “மன்னிச்சுடு கா,” என்றாள்.

“மன்னிச்சு நான் இன்னா பண்றது? அத வறுத்துத் திங்கறதா?” சந்திரம்மாள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “இங்க வந்து என் காதுல சொல்லிட்டுப் போனா ஆச்சா? நீ எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு. எவ்ளோ சத்தமா சொன்னியோ அவ்ளோ சத்தமா சொல்லு.”

சொல்லிவிட்டு முறத்தை இழுத்துக்கொண்டாள். தூக்குவாளியை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கவும் இல்லை. உண்ணாமலை அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மாவுக் கையோடு திரைக்குப் பின்னால் போய் இனியாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“நாளைக்குக் கடையில சொல்லிடலாம்னு கீறேன். உனக்கு வேணாம்னா சொல்லு. காலேஜ்ல மட்டும் சொல்லிடறேன்.”

இனியா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “சொல்லு. ஆனா புத்தி சரியில்ல, பேய் புடிச்சுதுன்னு சொல்லாத. பேரச் சொல்லு. டிப்ரஷன்.”

“டிப்ரேசன்.”

“டிப்ரஷன் மா.”

மாவு கரைக்கும்போதும், தேங்காய் உடைக்கும்போதும் உண்ணாமலை அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

*

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். ஜில்லாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, முதலில் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் கலெக்டர் ஆபீசுக்குள் நுழைவார்கள். பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் தட்டோடு நின்றார்கள். கல்லில் ஆறு தோசை ஒன்றாக வெந்தது. வேர்க்கடலைச் சட்னி அண்டாவில் பாதிக்கு இறங்கியிருந்தது.

இளஞ்செழியன் வழக்கமான மூலையில் வந்து உட்கார்ந்தார். உண்ணாமலை வைத்த இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

“பொண்ணு எப்டி கீது உண்ணாமலம்மா? மஞ்சள் எறங்கிடுச்சா?”

கரண்டியை அண்டாவிலேயே விட்டாள்.

“அவளுக்கு மஞ்சக்காமால இல்ல சார்.”

“இன்னாது?”

“இல்ல சார். நான் பொய் சொன்னேன். அவளுக்கு மனசுக்கு முடியல. தூக்கம் இல்ல, சோறு இல்ல, பேச்சு இல்ல. டாக்டர் மாத்திர குடுத்துக்கறாங்க. ஆஸ்டல் சாப்பாட்ட நான் சொன்னதும் பொய்தான். அங்க சோறு போடற அம்மாதான் எம் பொண்ணக் காப்பாத்திக் குடுத்தாங்க. அவங்களத்தான் நான் சொன்ன சொல்லால வேலைய விட்டு அனுப்பிட்டாங்க.” மூச்சு வாங்கியது. “இந்த வியாதிக்குப் பேரு ஒன்னு கீது சார். ராத்திரியெல்லாம் சொல்லிப் பாத்தேன். வாயில வரல.”

தட்டுகள் அப்படியே நின்றன.

“டிப்ரஷன் மா,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரும் திரும்பவில்லை. திரும்பலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தார்கள். செங்கத்திலிருந்து மனுவோடு வந்திருந்த ஒரு கிழவருக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. “எம்மா, பூரி கேட்டனே,” என்றார். உண்ணாமலை பூரியைக் கொண்டு போய் வைத்தாள்.

இளஞ்செழியன் பாதி இட்லியோடு எழுந்து கையைக் கழுவினார். “மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? நான் எங்கெங்கயோ பேசிட்டனே. அந்தம்மா யாருன்னு கூட எனக்குத் தெரியாது.” அவர் முகமும் கறுத்துவிட்டது.

“வெக்கம் சார்.”

“எனக்கும் இப்ப அதான்,” என்றார். செல்போனை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனவர், திரும்பி வந்து, “போன்ல வேணாம், மத்தியானம் நேராவே போறேன்” என்றார்.

“நானும் வரேன் சார். சொன்னவ நான்தான.”

போனார்கள். நிர்வாகத்தின் முன்னால் உண்ணாமலை நின்று மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரம்மாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கெட்ட பேர் அடங்கட்டும் என்று கொஞ்ச காலம் பின்பக்கம் பாத்திரம் கழுவத்தான் விட்டார்கள். பரிமாறுகிற இடத்துக்கு அவள் வருவதற்குள் இனியாவே விடுதிக்குத் திரும்பிவிட்டாள். வாரா வாரம் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் உண்ணாமலை குழாயடிக்கும் போய் நிற்பாள். சந்திரம்மாள் சில நாள் பேசுவாள், சில நாள் பேச மாட்டாள். பேசாத நாளில் உண்ணாமலை இரண்டு அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வருவாள். இதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நடந்தது இவ்வளவுதான். திரை விலகியது. இனியா வெளியே வந்தாள். தலை கலைந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். இளஞ்செழியன் எழுந்து போன இடத்தில், பெஞ்சு ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த மனு எழுதுகிறவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். முருகையன் கல்லிலிருந்து ஒரு தோசையை எடுத்தான். ஓரமெல்லாம் எண்ணெயில் மொறுமொறுவென்று சிவந்திருந்தது. தானே கொண்டு வந்து வைத்தான். கடையில் அவன் பரிமாறி யாரும் பார்த்ததில்லை.

உண்ணாமலை சட்னி ஊற்றினாள். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தே ஊற்றினாள்.

இனியா ஒரு விள்ளல் தொட்டு வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

“அம்மா, சட்னியில உப்பே இல்ல.”

உண்ணாமலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இல்லைதான். இத்தனை நாள் வீட்டுக்கு உப்பில்லாமல் ஆக்கி ஆக்கி, அரைக்கும்போது கை உப்பை மறந்திருந்தது. பாதி அண்டா போயிருக்கிறது. எத்தனை பேர் தின்றிருப்பார்கள்!

“யாராச்சும் ஒருத்தர் சொல்லக் கூடாதா?” என்றாள் பொதுவாக.

மனு எழுதுகிறவர் தொண்டையைச் செருமினார். “ஒடம்பு சரியில்லாத புள்ள இருக்கிற வீடு. எப்டி சொல்றதுன்னுதான் தின்னுட்டோம்.”

யாரோ ஒருவர் சிரித்தார். அது பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து போயிற்று. உண்ணாமலை தலையைத் தூக்கவில்லை. உப்பு ஜாடியைத் திறந்தாள். கை நிறைய அள்ளினாள்.

“பாத்து மா,” என்றாள் இனியா, அடுத்த விள்ளலைப் பிய்த்தபடி. “ஜாஸ்தி ஆயிடப் போவுது.”